பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிய எஞ்சின்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கோவளத்துக்கு அழைத்துச் செல்லாத திருவனந்தபுரம் தமிழர் அநேகமாக இருக்கமாட்டார். கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வறுத்த கடலையைக் கொறித்துவிட்டு, இருட்டுவதற்குள் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவோம். இன்னும் சற்றுத் தெற்கே நடந்தால் விழிஞ்ஞம். அங்கே போகிறவர்கள் நம்மில் குறைவு. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட பெரிய கண்டெய்னர் துறைமுகத்தால் அந்தப் பெயர் இன்று உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. நான் சொல்லவந்தது அந்தத் துறைமுகத்தைப் பற்றியல்ல. அதன் பக்கத்திலேயே இருக்கும் பழைய மீன்பிடித் துறைமுகத்தில், வரிசையாகக் கட்டிக் கிடக்கும் ஃபைபர் வள்ளங்களின் பின்புறத்தில் தொங்குகிறதே, அந்தச் சிறிய எஞ்சினைப் பற்றி.

நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கார், லாரி, ஜீப் இவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தே காலம் போயிற்று. கடல் எஞ்சின் என் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் புல்லுவிளைப் பக்கத்திலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு மாணவனுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது. சென்ற ஆண்டு கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடி மாதத்தில், ஒரு நாள் காலையில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சாரே, நம்ம எஞ்சினை ஒண்ணு பாக்கணும். ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. என்ன ஏதுன்னு பிடிகிட்டல்ல."

கர்க்கடகம் என்பதைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. 1988இல் தொடங்கிய இந்தத் தடை வெளியில் எஞ்சின் மாட்டிய வள்ளங்களுக்குக் கிடையாது. கடலில் பெரிய படகு இல்லாத அந்த ஏழு வாரம்தான் சிறிய வள்ளக்காரர்கள் நாலு காசு பார்க்கும் காலம். மழைக்காலத்தில் மற்றக் கடற்கரைகளில் அலை உடைக்கும்போது விழிஞ்ஞம் ஒதுக்கமாக இருப்பதால் சுற்று வட்டாரத்து வள்ளங்களெல்லாம் அங்கே வந்து கூடும். அந்த நாட்களில் எஞ்சின் நின்றால் நஷ்டம் அந்த நாளோடு போவதில்லை. ஆண்டின் வரவே அடிபடும்.

அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து வைத்திருந்த வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன் கொண்ட மண்ணெண்ணெய் எஞ்சின்கள் இரண்டு. ஒன்று நின்றால் மற்றொன்றில் கரை சேரலாம் என்பதற்காகவே ஆழக்கடல் போகிறவர்கள் இரண்டாக வைத்திருப்பது வழக்கம். தகராறு செய்தது அவற்றில் புதியது, கடனில் வாங்கியது. நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்ப்பரேட்டருக்குப் புதிய கிட் போட்டார்கள். பில் தொகையைக் கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. எஞ்சின் மட்டும் பழையபடியே இருந்தது.

சரி, என்ன செய்கிறது அது? பெட்ரோலில் சுண்டினால் உடனே பிடிக்கிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கடலுக்குள் முழு வேகத்தில் போகும்போது பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி, தளர்ந்து, நின்றுவிடுகிறது. இரண்டு நிமிடம் சும்மா விட்டுச் சுண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மறுபடி பத்து நிமிடம்.

ஒரு எஞ்சின், இரண்டு எண்ணெய்

வாசகர்களில் பலருக்கு இந்தப் பெட்ரோல், மண்ணெண்ணெய்க் கணக்கு புதிதாக இருக்கலாம். பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். உறைநிலைக்குச் சுமார் 40 பாகை கீழேகூட அதன் ஆவி தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு உறைநிலைக்கு மேலே ஏறக்குறைய அதே அளவு சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் கிளப்ப முடியாது. சிறிது பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்கு முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்ப்பரேட்டரில் கிடக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். அதை மறந்தால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும். மண்ணெண்ணெய் எளிதில் எஞ்சினைத் தட்டவைக்கும் என்பதால், இந்த எஞ்சின்களில் அழுத்த விகிதத்தையும் குறைத்தே செய்திருப்பார்கள்.

இவ்வளவு தொல்லையை ஏன் சுமக்க வேண்டும்? விலைதான் காரணம். நம் கடற்கரையில் நாட்டுவள்ளங்கள் எஞ்சின் மாட்டத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். அப்போது மண்ணெண்ணெய் மலிவு. மானிய விலையில் பெர்மிட் மூலமும் கிடைத்தது. அந்தக் கணக்கை நம்பி ஒரு தலைமுறையே எஞ்சினுக்கு மாறியது. பின்னர் மானியம் சுருங்கியது, ஒதுக்கீடு குறைந்தது. 2022இல் மண்ணெண்ணெய் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. எஞ்சின் மட்டும் மண்ணெண்ணெய் எஞ்சினாகவே இருந்தது.

எஞ்சின் வந்த கதையையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றும் எஞ்சினை வியாபார வெற்றியாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1909இல் தம் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனதாகவும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாகவும், அந்த எரிச்சலில்தான் இந்த எண்ணம் பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. அவர் பெயரிலான எஞ்சின்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. நமக்கும் நார்வேக்கும் வேறொரு உறவும் இருக்கிறது: கொல்லம் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம். அதன் வழியே வந்த விசைப்படகும் இழுவலையும் பெருகிக் கரையோரத்து மீனை வாரத் தொடங்கியபோது, துடுப்பும் பாயும் கொண்டவர்கள் பின்தங்கினார்கள். போட்டியில் நிற்பதற்காகவே அவர்கள் எஞ்சினை நாடினார்கள் என்பதை உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்த பேராசிரியர் ஜான் குரியன் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் கட்டுமரத்தின் பின்னால் எஞ்சினை எப்படி மாட்டுவது? நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது அது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுக்காரர் பியர் ஜில்லே உள்ளூர்த் தச்சர்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து பிளைவுட் வள்ளத்தை உருவாக்கினார். அலை உடைக்கும் கரையில் இறக்கி ஏற்றத் தக்கதாகவும் எஞ்சின் தாங்குவதாகவும் அது இருந்தது. அந்தப் பாட்டை அவரே 1985இல் ஒரு நூலாக எழுதினார். அந்த முயற்சியைப் பரப்பியதிலும், எஞ்சின்களை இறக்குமதி செய்து பழுது பார்க்கும் பட்டறைகளை நடத்தியதிலும் பெரும் பங்கு 1980இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு உண்டு. சிஃப்ஸ் என்று சொன்னால்தான் கடற்கரையில் தெரியும். எஞ்சினுக்குக் கடன் கொடுத்து, அதைக் காட்டி மீனைத் தன் வழியே ஏலம் விடச் செய்யும் தரகரின் பிடியைத் தளர்த்துவதும் அந்தச் சங்கங்களின் நோக்கம். எஞ்சினும் கடனும் இந்தக் கரைக்கு ஒன்றாகத்தான் வந்தன. என் மாணவன் பில்லைக் காட்டியபோது முகம் வாடியதன் பொருள் அதுதான்.

ஆசிரியர் தோற்ற இடம்

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் பார்த்தேன். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் மாட்டினோம். தண்ணீர் இல்லாமல் இந்த எஞ்சினை ஓடவிடக் கூடாது; குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் உலர்ந்து சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஓடிய எஞ்சின் பின்பக்கத் துளை வழியே ஒரே சீராகத் தண்ணீரைப் பீய்ச்சியது. ஆகவே சூடேறி நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பழுப்பு நிறம், நல்ல அடையாளம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி அல்லது எரியாத மண்ணெண்ணெய். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எண்ணெய்க்கலவை வறட்சி, கடுஞ்சூடு. நீர்த்துளியும் துருவும் தெரிந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர். இது எதுவுமில்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றி நுண்துளைகளை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். டிரம்மில் அரை மணி நேரம் கடிகாரம்போல் ஓடியது. வெற்றி என்று நினைத்து, என் மாணவனின் தாயார் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் கடலில் பத்தாவது நிமிடத்தில் நின்றது.

அப்போது அண்ணன் சொன்னான்: "மண்ணெண்ணெயில வெள்ளம் கலந்திருக்கு." நியாயமான சந்தேகம்தான். பீப்பாய்கள் மழையிலும் மணலிலும் கிடக்கின்றன. தண்ணீர் அடியில் தங்குவது சாதாரணம். பெட்ரோலில் ஓடும்போது குற்றமில்லை, மண்ணெண்ணெய்க்கு மாறினால் குற்றம் என்பதால் எல்லோருக்கும் அதுவே சரியாகப் பட்டது. கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பார்த்தோம். அடியில் கோடு தெரியவில்லை, தண்ணீர் இல்லை. இருந்தும் துணியில் வடிகட்டி ஊற்றினார்கள். பலனில்லை.

மூன்றாம் நாள் விழிஞ்ஞத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனோம். குளச்சல் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர். தகரக் கொட்டகை, ஒரு மேசை, சுவரெல்லாம் ஆணிகளில் தொங்கும் பழைய உறுப்புகள். என்னைப் பார்த்து, "சார் உட்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எஞ்சினைத் தொடவே இல்லை. என் மாணவனிடம் கேட்கத் தொடங்கினார்.

"மக்களே, எப்ப நிக்குது? கிளப்பின உடனேயா, மாத்தின உடனேயா?"

"மாத்தி முழுசா முறுக்கினா பத்து நிமிசம், மாமா."

"மெதுவாப் போனா?"

அவன் யோசித்தான். "வலை வளைக்கும்போது மெதுவாத்தான் போவோம். அப்ப நின்னதில்ல."

"தளரும்போது ரப்பர் குமிழை யாராவது அமுக்கிப் பாத்தீங்களா? உப்பி இருந்துதா, ஒட்டிப் போயிருந்துதா?"

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் ஒன்று உண்டு. கிளப்புவதற்கு முன் அதை அமுக்கித்தான் எண்ணெயை மேலே ஏற்றுவார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தான். "சப்பளிஞ்சு கிடந்துது, மாமா. அண்ணன்தான் பாத்துது."

மெக்கானிக் தலையாட்டினார். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "என்ன செய்கிறது" என்று மட்டும் கேட்டேன். "எப்போது" என்று கேட்கவில்லை.

பிறகு அவர் எனக்குச் சொன்ன கணக்கை என் நடையில் தருகிறேன். எஞ்சின் இழுக்கும்போது குமிழ் ஒட்டிச் சப்பையாகிறது என்றால், அடைப்பு குமிழுக்கு முன்பே இருக்கிறது: டேங்க், அதன் காற்றுத் துளை, உள்ளே இறங்கும் குழாய், வடிகட்டி, குமிழ் வரை வரும் குழாய். குமிழ் கெட்டியாக உப்பியே இருக்கிறது, எஞ்சின் மட்டும் பசியில் கிடக்கிறது என்றால், அடைப்பு குமிழுக்குப் பின்னால் எஞ்சின் பக்கம். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாமல் தளதளவென்றே இருந்தால், எங்கோ மூட்டு வழியாகக் காற்றை இழுக்கிறது. தளரும் நேரத்தில் குமிழைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் மீண்டும் வேகம் பிடிக்குமானால், குற்றம் எண்ணெய் வரும் வழியில்தான். பிளக்கையும் காயிலையும் தொடவேண்டாம்.

டிரம்மில் அது ஏன் நன்றாக ஓடியது என்பதும் இப்போது விளங்கிற்று. ஒன்று, நான் ஓட்டியது பெட்ரோலில். அந்தச் சிறிய டேங்க் எஞ்சினோடேயே இருந்தது. சந்தேகத்துக்குரிய குழாய் அந்த வழியிலேயே இல்லை. இரண்டு, டிரம்மில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. சும்மா ஓடும் எஞ்சின் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. ஆளும் வலையும் ஏற்றிக்கொண்டு அலையை ஏறும் எஞ்சின் மடக்கு மடக்காகக் குடிக்கிறது. பாதி அடைத்த குழாய் முன்னதற்குப் போதும், பின்னதற்குப் போதாது. கடலில் வரும் நோயைக் கரையில் தேடினேன்.

அவர் தம்முடைய டேங்கையும் குழாயையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வள்ளத்தில் ஏறினார். அதே மண்ணெண்ணெய், அவருடைய டேங்க், அவருடைய குழாய். துறைமுகத்துக்கு வெளியே முழு வேகத்தில் அரை மணி நேரம். எஞ்சின் முணுமுணுக்கவில்லை. அத்தோடு எஞ்சின் பக்கம் முழுவதும் குற்றமற்றது என்று தீர்ந்தது. மாணவனின் டேங்கை மாட்டி, அவருடைய குழாயைப் போட்டார். ஓடியது. அப்படியானால் டேங்கும் இல்லை. மிஞ்சியது குழாய்.

வெளியே பார்த்தால் குழாயில் ஒரு கீறல் இல்லை. கரைக்கு வந்து கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிளந்து காட்டினார். உள்ளே மெல்லிய உறை ஒன்று சுவரைவிட்டுப் பிரிந்து நாக்குப்போல் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக எண்ணெய் ஓடும்போது அது ஓரமாகக் கிடக்கிறது. முழு வேகத்தில் இழுப்புக் கூடும்போது நாக்கு மடிந்து வழியை அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் இழுப்புப் போய், நாக்கு தன்னிடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நிமிடம் கழித்துச் சுண்டினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. மண்ணெண்ணெயைத் தாங்காத மலிவான ரப்பரை யாரோ விற்றிருக்கிறார்கள், இவர்களும் விலை குறைவென்று வாங்கியிருக்கிறார்கள். குற்றம் மண்ணெண்ணெயில் இல்லை, மண்ணெண்ணெய் வந்த பாதையில் இருந்தது.

இரண்டாவது நோய்

இத்தோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு அழகாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி தொலைபேசி. "சாரே, பத்து நிமிசம் பிரச்சினை போச்சு. இப்ப ஒண்ணரை மணி நேரம் ஓடினப்பறம் வெட்டி வெட்டி ஓடுது."

மெக்கானிக்கிடம் மீண்டும் அதே கேள்வி: எப்போது? நன்றாகச் சூடேறிய பிறகு. குமிழ்? கெட்டியாக இருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றினால்? அப்போதும் வெட்டுகிறது. நிறுத்தினால்? இருபது நிமிடம் ஆறவைத்தால்தான் சரியாகிறது, இரண்டு நிமிடம் போதவில்லை. எண்ணெய் வழி என்றால் சில நிமிடத்தில் தேறும். சூடு ஆறும்வரை காத்திருக்கவேண்டியிருந்தால் மின்பொறியைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் அவர். காயிலுக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியிலோ உறையிலோ வெடிப்பு இருந்தால், குளிர்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பொறியை விழுங்கிவிடும். கரையில் குளிர்ந்த எஞ்சினில் சோதித்தால் நீலப் பொறி பளிச்சென்று அடிக்கும்.

அவர் செய்தது எளிய காரியம். வள்ளத்தில் ஒரே மாதிரி எஞ்சின் இரண்டு இருக்கின்றன அல்லவா? ஒன்றின் காயிலை மற்றொன்றில் மாற்றிப் போட்டு, இரண்டையும் கடலில் ஓட்டச் சொன்னார். நோய் காயிலோடு சேர்ந்து இடம் மாறியது. அதுவோ பட்டறையில் புதிதாகப் போட்ட காயில்! கழற்றி எறிந்த பழைய காயில் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினார். அன்றுமுதல் அந்த எஞ்சின் நிற்கவில்லை. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம் இன்னொரு நோயைக் கொண்டுவந்திருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அந்த பில்.

படகு வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் அதிகம் இல்லாவிட்டாலும், வேளிக் காயலிலும் பூவாறிலும் உல்லாசப் படகு ஓட்டுவோர் சிலர் உண்டென்று அறிவேன். அவர்களுக்காக, அன்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மற்றச் சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கிளம்பிச் சில நிமிடத்தில் நிற்கிற எஞ்சினுக்கு முதலில் பார்க்கவேண்டியது டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. காசு செலவில்லாத வைத்தியம், அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. மெதுவாக ஓடும்போது மட்டும் தடுமாறினால், கார்ப்பரேட்டரின் சிறு துளை அடைத்திருக்கலாம், அல்லது மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக் நனைந்திருக்கலாம். நெடுநேரம் மெதுவாக ஓட்டவேண்டியிருந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்வது நல்லது. எஞ்சின் மட்டும் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்லாமல் புரொப்பல்லரைப் பார்க்கவேண்டும். நடுவிலிருக்கும் ரப்பர் வழுக்கும், அல்லது அறுந்த வலைநூல் சுற்றிக்கொண்டு எண்ணெய்ச் சீலையே தின்னும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலைக் கண்ணளவில் ஊற்றக்கூடாது. கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் 20 லிட்டருக்கு 400 மில்லி. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு விகிதம் வேறாக இருக்கலாம், கையேட்டைப் பார்த்தே ஊற்றவேண்டும்.

இன்னொன்று. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் எஞ்சின் குடிக்கிறது. தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய கவலையல்ல. கடற்கரை ஈரக்காற்றில் வாரக்கணக்கில் கேனில் கிடக்கும் பெட்ரோலுக்குக் கவலைதான். பழைய குழாய்களின் ரப்பரையும் எத்தனால் கெடுக்கும். தேவைக்கு மட்டும் வாங்கி, பழையதைக் கிளப்பப் பயன்படுத்தாமல் இருப்பது ஒன்றே வழி.

ஒரு குழாய்க்கும் ஒரு காயிலுக்கும் இவ்வளவு பக்கமா என்று கேட்பவர்கள் ஒரு மழைக்கால நாளில் நகருக்கு வடக்கே பெருமாதுறை முதலப்பொழிக்குப் போய்ப் பாலத்தில் நின்று பார்க்கட்டும். வாமனபுரம் ஆறும் காயலும் கடலில் சேரும் அந்த வாயில், துறைமுகத்துக்குக் கட்டிய இரு கல்சுவர்களுக்கு நடுவே மணல் சேர்ந்து மேடாகி, அலை மேலே மேலே உடைந்து விழும். வள்ளம் உள்ளே வரும்போது அலையின் முதுகில் ஏறி, அதே வேகத்தில் ஓடவேண்டும். அந்த அரை நிமிடத்தில் எஞ்சின் ஒருமுறை இருமினால், வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். அங்கே ஆண்டுதோறும் விபத்து. 2023 ஜூலை 10 அன்று ஒரே வள்ளத்தில் வந்த நால்வர் இறந்தார்கள். மணலும் கல்சுவரும்தான் அங்கே பெருங்குற்றவாளிகள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாயிலில் நுழைகிறவன் நம்பியிருப்பது கையிலுள்ள எஞ்சினின் முறுக்கியை மட்டுமே. என் மாணவனின் அண்ணன் இரண்டு பருவம் அங்கிருந்து தொழிலுக்குப் போனவன். எஞ்சின் தகராறு தொடங்கியதும், எரிபொருள் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று விழிஞ்ஞத்துக்கு மாறியிருந்தான். வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. மெக்கானிக் குழாயைப் பிளந்து காட்டிய அன்றுதான், அந்த நாக்கை விரலால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே, முதலப்பொழி வாயிலில் ஒருமுறை எஞ்சின் நின்று மறுபடி பிடித்ததைச் சொன்னான். தம்பி அதுவரை அறியாத செய்தி அது. இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

படகில் சுக்கான் பிடிக்கும் பின்பகுதிக்கு 'அமரம்' என்று பெயர். மம்மூட்டி நடித்து 1991இல் வந்த பரதனின் படத்தால் மலையாளிகள் எல்லோருக்கும் தெரிந்த சொல். நம் தமிழிலும் அமரக்காரன் என்றால் சுக்கான் பிடிப்பவன்தான். இன்று அந்த அமரத்தில்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

மெக்கானிக் கூலியாகக் கேட்டது புதுக் குழாயின் விலையும், கடலுக்கு வந்த அரை நாள் சம்பளமும். காயிலை மாற்றியதற்கு ஒன்றும் வாங்கவில்லை. "அது உங்க காயில்தானே" என்றுவிட்டார். என் மாணவன் அடுத்த வாரம் ஒரு நல்ல நெய்மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தானாம். சைவ வீடான எனக்கு ஒரு சீப்பு செவ்வாழை வந்தது.

பிளந்த குழாய் இப்போது அவர் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. எஞ்சின் ஓடி ஓடி நிற்கிறது என்று யார் வந்தாலும் முதலில் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார், பிறகு அதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "எப்ப நிக்குது, மக்களே?" என்று தொடங்குகிறார்.